சுரங்கத்தில் வீணாகும் நிமிஷங்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து அரியலூர் மார்க்கமாக இரயிலில் பிரயாணம் செய்வோர், லால்குடியின் வாழைத் தோட்டங்களையும் நெல் வயல்களையும் கடந்து சிறிது தூரம் சென்றதும், பூமியின் நிறமே மாறிவிடுவதைக் காணலாம். காவேரிப் பாசனத்தின் பசுமை மறைந்து, வெளிறிய மண்ணும் கல்லும் தென்படத் தொடங்கும். கல்லக்குடி முதல் அரியலூர் வரை பரவியுள்ள இப்பிரதேசம் சுண்ணாம்புக்கல் பூமியாகும். சுமார் 7 கோடி முதல் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி, பவழம் முதலிய உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியே இக்கல் உண்டாயிற்று. 1860-களின் தொடக்கத்தில் பிளான்போர்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இப்பாறைகளை ஆராய்ந்து விரிவாக எழுதினார். 1939-இல் கல்லக்குடியில் டால்மியா சிமெண்டு ஆலை நிறுவப்பட்டது. பின்னர் அரியலூர் வட்டாரத்திலும் ஆலைகள் பல தோன்றின.

ஒரு டன் சிமெண்டு செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆகவே சிமெண்டுத் தொழில் என்பது பெரும்பாலும் கல்லை வெட்டி, அள்ளி, சுமந்து, உடைக்கும் தொழிலே எனலாம். நெசவும் விவசாயமும் செய்யும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அக்கறை உண்டு. சுரங்கத் தொழிலில் விரயத்தைக் குறைக்க இன்று உலகெங்கும் கையாளப்படும் முறையொன்று, முதன்முதலில் ஒரு தறியிலிருந்து பிறந்தது. அது மட்டுமன்று, அம்முறையைக் கற்றுக்கொள்வோமானால், நமது சங்கத்தின் நூல் கிடங்கிலும் வாழைத்தார் ஏற்றும் இடத்திலும் அதைக் கையாள முடியும். செலவு அதிகமில்லை, ஒரு கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

தறி கற்பித்த பாடம்

ஜப்பான் தேசத்தில் சாகிச்சி டொயோடா என்பவர் 1867-இல் பிறந்தார். நெசவுத் தறியைச் சீர்திருத்துவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். 1924-இல் அவர் பூர்த்தி செய்த தானியங்கித் தறிக்கு ஒரு விசேஷம் இருந்தது. பாவில் ஓர் இழை அறுந்தாலும், ஊடை தீர்ந்துபோனாலும், தறி தானாகவே நின்றுவிடும். அறுந்த இழையுடன் தறி ஓடிக்கொண்டே இருந்தால், நெய்யப்படுவது துணியல்ல, குற்றமுள்ள துணியேயாகும் என்பதை நெசவாளருக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. குற்றம் நேர்ந்த அக்கணமே வேலையை நிறுத்தி, காரணத்தைக் கண்டு களைந்து, பிறகே தொடர வேண்டும் என்பது அத்தறி கற்பித்த பாடம். 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனி இத்தறியின் உரிமையை விலைக்கு வாங்கிற்று.

சாகிச்சியின் குமாரர் கீச்சிரோ மோட்டார் தொழிலில் இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி ஏற்பட்டது. 1932-இல் டொயோடா நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் மோட்டார் ஆலைக்கு மாறிய டாய்ச்சி ஓனோ என்பவர், தறியின் பாடத்தைத் தொழிற்சாலை முழுவதற்கும் விரித்தார். அவர் விரயத்தை ஏழாக வகுத்தார். தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல், காத்திருத்தல், வீணாகச் சுமந்து செல்லுதல், வேண்டாத வேலையைச் செய்தல், சரக்கைத் தேக்கி வைத்தல், வீணாக நடத்தலும் குனிதலும், குற்றமுள்ள பொருளைச் செய்தல் என்பனவே அவை. பிற்காலத்தில், 1988-இல், அமெரிக்கர் ஒருவர் இம்முறைக்கு ‘லீன்’ என்று பெயரிட்டார். வேண்டாத சதையற்ற மெலிந்த உடல் என்பது அதன் கருத்து. பட்டினியால் மெலிந்த உடலன்று, உழைப்பால் உரமேறிய உடல் என்றே நாம் அதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

சுரங்கத்தில் காத்திருப்பு

இவ்வேழு விரயங்களில் சுரங்கத் தொழிலை மிகவும் பாதிப்பது காத்திருத்தலே. இதை ஒரு கணக்கால் விளக்குவோம். இது எந்தக் குறிப்பிட்ட சுரங்கத்தின் கணக்குமன்று. விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டது.

ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அள்ளும் யந்திரம் ஒன்று இருக்கிறது. அது ஒரு டிப்பர் லாரியை நிரப்ப 4 நிமிஷம் ஆகிறது. நிரம்பிய டிப்பர், கல் உடைக்கும் கிரஷரை அடைய 7 நிமிஷம். அங்கே கல்லைக் கொட்டி, கிரஷர் அதை விழுங்கும் வரை 5 நிமிஷம். வெறும் டிப்பர் திரும்பி வர 8 நிமிஷம். ஆக ஒரு நடைக்கு 24 நிமிஷம். அள்ளும் யந்திரம் சும்மா நிற்கக்கூடாது என்று கருதி, 24-ஐ 4-ஆல் வகுத்து, 6 டிப்பர்களை வைத்துக்கொள்கிறார்கள். அள்ளும் யந்திரம் மணிக்கு 15 நடை நிரப்ப வல்லது. ஆகவே மணிக்கு 15 நடை கல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

கிடைப்பதோ 12 நடைதான். காரணம் என்ன? கிரஷர் ஒரு நடைக்கு 5 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. 60 நிமிஷத்தில் 12 நடைக்கு மேல் அதனால் ஏற்க முடியாது. ஆறு டிப்பர்களும் அதன் முன் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு நடைக்கும் 6 நிமிஷம் வீணாகிறது. 8 மணி நேர வேலை முறைக்கு 96 நடை எனக் கொண்டால், டிப்பர்கள் காத்திருந்த நேரம் மொத்தம் 576 நிமிஷம், அதாவது 9 மணி 36 நிமிஷம். யந்திரம் ஓடிக்கொண்டே நின்றால் டீசலும் வீண். ஓட்டுநர் வெயிலில் வாடுவதும் வீண்.

உற்பத்தி போதவில்லை என்று கண்ட முதலாளி என்ன செய்வார்? மேலும் டிப்பர்களை வாங்குவார். பத்து டிப்பர்கள் வந்தாலும் கிடைப்பது அதே 12 நடைதான். ஒவ்வொரு நடைக்கும் காத்திருப்பது மட்டும் 6 நிமிஷத்திலிருந்து 26 நிமிஷமாக வளரும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று திரளும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மண்டபங்களும் பிரகாரங்களும் எவ்வளவு விசாலமாக இருந்தபோதிலும், வாசல் எவ்வளவு பேரை விடுகிறதோ அவ்வளவு பேரே ஒரு நாழிகையில் உள்ளே செல்ல இயலும். வரிசையின் வேகத்தை நிர்ணயிப்பது வாசலே. ஆகவே விரயத்தைக் களைய முற்படுபவர் முதலில் செய்ய வேண்டுவது, வாசல் எது என்று கண்டுபிடிப்பதுதான்.

ஏன் என்று ஐந்து முறை

வாசலைக் கண்டபின் அதை எப்படி அகலமாக்குவது? இதற்கு டொயோட்டாவில் ஓர் எளிய வழக்கம் உண்டு. ஏன் என்று ஐந்து முறை கேட்பது. மேற்சொன்ன சுரங்கத்தில் அவ்விதம் கேட்டுப் பார்ப்போம்.

கிரஷரில் ஏன் தாமதம்? பத்து நடையில் எட்டு நடைக்கு 4 நிமிஷமே ஆகிறது. இரண்டு நடைக்கு மட்டும் 9 நிமிஷம் ஆகிறது. சராசரி 5 நிமிஷம். அந்த இரண்டு நடைக்கு ஏன் 9 நிமிஷம்? பெருங்கல் வாயில் அடைத்துக்கொள்கிறது. பெருங்கல் ஏன் டிப்பரில் ஏறிற்று? அள்ளுமிடத்தில் பெரிதும் சிறிதும் கலந்தே கிடக்கின்றன. ஏன் கலந்து கிடக்கின்றன? வெடி வைத்தபோது ஒரு பக்கத்தில் பாறை நன்றாக உடையவில்லை. ஏன் உடையவில்லை? அப்பக்கத்தில் பாறை கடினமானது; அங்கே துளைகளை இன்னும் நெருக்கமாகப் போட்டிருக்க வேண்டும். இது துளை போடும் தொழிலாளிக்கு முன்னமே தெரியும். அவரை எவரும் கேட்கவில்லை!

நோய் கிரஷரில் தெரிந்தது. அதன் வேர் வெடிக்குழியில் இருந்தது. துளைகளின் இடைவெளியைத் திருத்தி, தப்பிய பெருங்கற்களை ஒதுக்கி அங்கேயே உடைத்துவிட்டால், எல்லா நடையும் 4 நிமிஷத்தில் முடியும். அப்போது மணிக்கு 15 நடை கிடைக்கும். புதிய டிப்பர் ஒன்றுகூட வாங்காமல் உற்பத்தி நான்கில் ஒரு பங்கு பெருகும். நெருக்கமான துளைகளுக்கும் அதிக மருந்துக்கும் ஆகும் செலவை ஒரு பக்கமும், மிச்சமாகும் டீசலையும் நேரத்தையும் மறுபக்கமும் வைத்து நிறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

செய்து பார்க்காமலே செய்து பார்த்தல்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாம் கண்ட கணக்கில் எல்லாம் சராசரி நிமிஷங்கள். உண்மையில் பெருங்கல் ஒழுங்காக ஐந்தாவது நடைக்கு ஒரு முறை வருவதில்லை. சில வேளை அடுத்தடுத்து மூன்று வரும். சில வேளை ஒரு மணி நேரம் வராமலே இருக்கும். லாரி பழுதாகும், மழை பெய்து பாதை சேறாகும். இத்தனை ஏறுமாறுகளுக்கிடையே, ஒரு திருத்தம் பலன் தருமா என்பதை எப்படி அறிவது? சுரங்கத்திலேயே செய்து பார்ப்பதானால், தவறினால் நஷ்டம் பெரிது.

இதற்குத்தான் ‘சிமுலேஷன்’ என்னும் பாவனைச் சோதனை உதவுகிறது. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909-இல் தொலைபேசி அழைப்புகள் வரும் விதத்தைக் கணித சாஸ்திரத்தால் ஆராய்ந்தார். வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் சாஸ்திரம் அதிலிருந்து வளர்ந்தது. 1946-இல் ஸ்தானிஸ்லாவ் உலாம் என்னும் கணித அறிஞர், நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியாக முடியும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிப்பதைவிட, நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடுவது எளிது என்று அவருக்குத் தோன்றிற்று. அந்த எண்ணமே கம்ப்யூட்டரின் துணையால் பெரிய ஆராய்ச்சி முறையாக விரிந்தது. 1961-இல் ஜெஃப்ரி கார்டன் என்பவர், வரிசைகளைப் பாவனை செய்வதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழியை அமைத்தார்.

இது கம்ப்யூட்டர் இருந்தால்தான் முடியும் என்று எவரும் மலைக்க வேண்டாம். பத்துச் சீட்டுகளை எடுத்து, எட்டில் 4 என்றும், இரண்டில் 9 என்றும் எழுதி ஒரு பானையில் போடுங்கள். டிப்பர் ஒன்று கிரஷரை அடையும்போதெல்லாம் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, மறுபடியும் பானையிலே போட்டுக் குலுக்குங்கள். நோட்டுப் புத்தகத்தில், டிப்பர் வந்த நேரம், கொட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், காத்திருந்த நிமிஷம் என நான்கு பத்திகள் இடுங்கள். இவ்விதம் ஒரு நாள் வேலையை எழுதி முடித்தால், அந்நாளில் எத்தனை நடை, எவ்வளவு காத்திருப்பு என்பது தெரிந்துவிடும். பத்து நாள் எழுதினால் நல்ல நாளும் கெட்ட நாளும் தெரியும். பிறகு 9 என்ற சீட்டுகளை 4 ஆக மாற்றி மறுபடி ஆடுங்கள். டிப்பரின் எண்ணிக்கையை மாற்றியும் ஆடுங்கள். கம்ப்யூட்டர் செய்வதும் இதே ஆட்டந்தான். ஆயிரம் நாள் வேலையைச் சில விநாடிகளில் ஆடி முடித்துவிடும் என்பதே வித்தியாசம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. பானையில் போட்ட எண்கள் மெய்யாக இருந்தால்தான் விடையும் மெய்யாகும். நிமிஷங்களை ஊகித்து எழுதாமல், இடத்துக்கே சென்று, கடிகாரம் பார்த்து, பல நாட்கள் குறித்துக் கொண்டுவர வேண்டும்.

நெய்வேலியின் சங்கிலி

டிப்பர்கள் இன்றி நடக்கும் சுரங்கமும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலியே அதற்குச் சிறந்த உதாரணம். 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. கரிக்கு மேல் கனமான மண் அடுக்கு மூடியிருக்கிறது. கரிக்குக் கீழே நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்துகிறது. நீரை இறைத்துக்கொண்டே, மேல்மண்ணைப் பெரிய சக்கர யந்திரங்கள் வெட்டுகின்றன. வெட்டிய மண் பெல்ட்டுகளின் மீது சென்று, பரப்பும் யந்திரத்தால் வேறிடத்தில் கொட்டப்படுகிறது. வெட்டும் யந்திரம், பெல்ட், பரப்பும் யந்திரம் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று நின்றால் மற்றவையும் நின்றாக வேண்டும்.

அத்தகைய சங்கிலியில் நான்கு கண்ணிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் 10 மணிக்கு 9 மணி பழுதின்றி ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் போக்கில் வெவ்வேறு வேளையில் நின்றால், நான்கும் சேர்ந்து ஓடும் நேரம் 10 மணிக்கு ஏறக்குறைய 6½ மணியே. ஆனால் பழுது பார்க்கும் வேலைகளை முன்கூட்டியே திட்டமிட்டு, நான்கையும் ஒரே மணி நேரத்தில் நிறுத்திச் செப்பனிட்டால், 9 மணியும் ஓடும். யந்திரம் அதேதான், ஆட்களும் அவர்களேதான். வேளையை ஒழுங்கு செய்தது ஒன்றே மிகுதியைத் தந்தது. எல்லாப் பழுதும் நம் சௌகரியத்துக்குக் காத்திராது என்பது உண்மையே. ஆயினும், காத்திருக்கக் கூடியவற்றையாவது ஒன்று சேர்ப்பது அறிவுடைமையாகும்.

எதை விரயம் என்பது?

இம்முறையைக் கையாள்வோர் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. முதலாவது, தொழிலாளி விரயமல்லர். கடிகாரத்துடன் ஒருவர் அருகில் வந்து நின்றாலே, நம் வேலைக்கு ஆபத்து வருகிறதோ என்று தொழிலாளி அஞ்சுவது இயல்பு. 1950-இல் டொயோட்டாவிலேயே ஆட்குறைப்பின் காரணமாகப் பெரும் தகராறு மூண்டு, கீச்சிரோ தலைமைப் பதவியை விட்டு விலக நேர்ந்தது. மிச்சமாகும் நேரம் ஆளை வெளியேற்றுவதற்கன்று என்னும் உறுதி இல்லாவிட்டால், துளை போடுபவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார். அவர் வாய் திறக்காவிட்டால் வெடிக்குழியின் வேர் ஒருநாளும் அகப்படாது. அன்றியும், காத்திருப்பைக் குறைப்பது வேறு, அவசரப்படுத்துவது வேறு. சுரங்கத்தின் சரிவுப் பாதையில் டிப்பரை விரட்டி மிச்சம் பிடிக்கும் நிமிஷத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

இரண்டாவது, எதை விரைந்து தோண்டுவது, எதைத் தோண்டாமல் விடுவது என்பதைப் பாவனைச் சோதனை சொல்லாது. அதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். ஸ்ரீரங்கம் தீவின் வடபுறம் ஓடும் கொள்ளிடத்தை எண்ணிப் பாருங்கள். 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. அதே மாதத்தில், திருச்சியையும் ஸ்ரீரங்கத்துக்கு அப்பாலுள்ள கரையையும் இணைத்த பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மணல் அள்ளியதே இதற்குக் காரணம் என்று விவசாயிகள் பலர் குற்றம் சாட்டினர். காரணம் எதுவாயினும், ஆற்றின் மணல் கரையையும் தூணையும் தாங்கி நிற்கிறது, கிணற்றுக்கு நீரைத் தேக்கித் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆறு கொண்டுவந்து சேர்ப்பதைவிட வேகமாக அதை அள்ளுவதற்கு எவ்வளவு சிறந்த முறையைக் கையாண்டாலும், அது விரயத்தைக் குறைப்பதாகாது, முதலையே தின்பதாகும். சுரங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் டீசலுக்கும் நிமிஷத்துக்கும் பத்தி இருப்பது போலவே, நீருக்கும் நிலத்துக்கும் ஒரு பத்தி இருத்தல் வேண்டும்.

நமது சங்கங்களுக்கு

இனி நம் விஷயத்துக்கு வருவோம். உறையூரில் ஒரு தறி நிற்கிறது என்றால், நெசவாளர் மந்தமாக இருப்பதால் நிற்கிறதா, பாவு வந்து சேராததால் நிற்கிறதா? பாவு தாமதமானது ஏன்? சாயம் காயவில்லையா, நூல் வரவில்லையா, நூல் வந்தும் பட்டியலில் கையெழுத்து ஆகவில்லையா? தொட்டியத்திலும் லால்குடியிலும் வாழைத்தாரை வெட்டிய பின் லாரிக்காக எத்தனை மணி நேரம் வெயிலில் காத்திருக்கிறது? வெட்டும் ஆட்கள் போதவில்லையா, ஏற்றும் இடம் குறுகலா, லாரிகள் யாவும் ஒரே வேளையில் வந்து நெருக்குகின்றனவா? இவற்றுக்கு விடை தெரியாமல் புதிய தறிகளுக்கும் புதிய லாரிக்கும் கடன் கேட்பது, கிரஷரைப் பார்க்காமல் டிப்பர் வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு வாரம் இதைச் செய்து பார்க்கலாம் என்பது நம் யோசனை. வேலை செய்பவர்களையே சேர்த்துக்கொண்டு, ஒரு பொருள் சங்கத்தின் வாசலில் நுழைந்தது முதல் வெளியே செல்லும் வரை எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வரிசை நீள்கிறதோ, அதற்கு அடுத்த படியே வாசல். அங்கே ஏன் என்று ஐந்து முறை கேளுங்கள். கண்ட திருத்தத்தைச் சீட்டுகளைக் கொண்டு ஆடிப் பார்த்துவிட்டு, பொதுக்குழுவின் முன் வையுங்கள். கணக்கு பெரிதாகிவிட்டால், துவாக்குடியில் 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் நிலையத்தில் உற்பத்திப் பொறியியல் துறை இருக்கிறது. அத்தகையோரின் ஆலோசனையை நாடலாம்.

சுரங்கத்து முதலாளிக்கு இல்லாத ஒரு வசதி கூட்டுறவாளருக்கு உண்டு. அங்கே துளை போடுபவரைக் கேட்பதற்கு ஒருவர் முன்வர வேண்டும். இங்கே தறியில் அமர்ந்திருப்பவரும் தாரை வெட்டுபவருமே சங்கத்தின் சொந்தக்காரர்கள். தமக்குத் தெரிந்ததைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல அவர்களுக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே அவர்கள் எழுந்து சொல்வார்களாக.